மூட்டு வலி குறையவும் தோல் செழிக்கவும்: உணவு, பயிற்சி, பராமரிப்பு – அளவுகளோடு முழுமையான வழிகாட்டி

"மஞ்சள் சாப்பிட்டுப் பார்த்தேன், மீன் எண்ணெய் மாத்திரையும் போட்டேன், ஒன்றும் கேட்கவில்லை" என்று சொல்பவர்களிடம் மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும். வந்திருப்பது எந்த வகை மூட்டுவாதம்? தினமும் எவ்வளவு எடுத்தீர்கள்? எத்தனை வாரம் விடாமல் எடுத்தீர்கள்? பலருக்கும் இந்த மூன்றில் ஒன்றில்தான் சிக்கல் இருக்கும். நோய்க்குப் பொருந்தாத வழியைப் பிடித்திருப்பார்கள், அல்லது அளவு பத்தில் ஒரு பங்கு இருந்திருக்கும், அல்லது இரண்டாவது வாரத்திலேயே கைவிட்டிருப்பார்கள். தோலுக்கும் இதே கதைதான். அதனால் இங்கே எந்தப் பொருளைச் சொன்னாலும் அதன் அளவையும் அதற்குத் தர வேண்டிய காலத்தையும் சேர்த்தே சொல்கிறோம்.

மூட்டையும் தோலையும் ஒன்றாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. மூட்டின் குருத்தெலும்பும் தோலின் உள்ளடுக்கும் கொலாஜன் என்ற புரத இழைகளால் ஆனவை. உடலுக்குள் ஓடும் அழற்சி இரண்டையும் தாக்கும். சொரியாசிஸ் என்ற செதில் தோல் நோய் உள்ளவர்களில் கணிசமானவர்களுக்குப் பின்னாளில் மூட்டுவாதம் வருகிறது. புகைப்பழக்கம் முடக்கு வாதம் (உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் நோய்) வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது, முகச் சுருக்கத்தையும் விரைவுபடுத்துகிறது. புகைப்பவர் இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், புகையை விடுவதைச் செய்யட்டும்.

முதல் படி: எந்த மூட்டுவாதம்?

காலையில் எழுந்ததும் மூட்டு எவ்வளவு நேரம் விறைப்பாக இருக்கிறது என்று கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்துக்குள் இளகி, நடக்க நடக்கத் திரும்ப வலித்து, உட்கார்ந்தால் குறைந்தால் அது மூட்டுத் தேய்மானமாக இருக்க வாய்ப்பு அதிகம். விறைப்பு ஒரு மணி நேரம் நீடித்து, இரு கைகளின் விரல் மூட்டுகளும் ஒரே மாதிரி வீங்கி, அசைந்தால் வலி குறைந்தால் முடக்கு வாதத்தைச் சந்தேகிக்க வேண்டும். இரவோடு இரவாகக் கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூடத் தாங்காத வலி என்றால் யூரிக் அமிலத்தால் வரும் கவுட். நகத்தில் ஊசியால் குத்தியதுபோல் குழிகள், ஒரு விரல் முழுதும் உருண்டு வீங்குதல், முழங்கையிலோ தலையிலோ செதில் திட்டுகள் ஆகியவை சொரியாசிஸ் மூட்டுவாதத்தின் அடையாளங்கள்.

இவற்றை வைத்து நீங்களே முடிவு கட்ட வேண்டாம். மருத்துவரிடம் சரியாகச் சொல்லத்தான் இந்தக் குறிப்புகள். முடக்கு வாதத்துக்கும் சொரியாசிஸ் மூட்டுவாதத்துக்கும் சில மாதங்களுக்குள் மருந்து தொடங்கினால்தான் எலும்பு அரிப்பைத் தடுக்க முடியும். அரிக்கப்பட்ட எலும்பை எந்த உணவும் மீட்டுத் தராது. உணவும் பயிற்சியும் மருந்துக்குத் துணை நிற்பவை, அதன் இடத்தைப் பிடிப்பவை அல்ல. ஒரே ஒரு மூட்டு திடீரென்று சூடாகி வீங்கி, கூடவே காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூட்டுக்குள் கிருமித் தொற்று இருந்தால் சில நாட்களிலேயே அந்த மூட்டு நாசமாகிவிடும்.

எடையும் தொடைத் தசையும்

மூட்டுத் தேய்மானத்தில் மாத்திரைப் புட்டிகளைவிடப் பெரிய பலன் தருவது இந்த இரண்டும்தான். உடல் எடையில் 1 கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் இறங்கும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது. 5 கிலோ குறைத்தவரின் முழங்கால், அடிக்கு 20 கிலோ இலேசாகிறது. ஒரு நாளில் எத்தனை ஆயிரம் அடிகள் வைக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். அதிக எடை உள்ளவர்கள் முதல் இலக்காக மொத்த எடையில் 5 சதவீதத்தையும், முடிந்தால் 10 சதவீதத்தையும் வைத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு அரை கிலோ என்ற வேகம் போதும். பட்டினி கிடந்து வேகமாகக் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். கவுட் உள்ளவர்களுக்குப் பட்டினியே ஒரு தாக்குதலைக் கிளப்பிவிடும்.

தசைக்கு ஒரே பயிற்சி சொல்லச் சொன்னால், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைத்தான் சொல்வோம்.

1. கைப்பிடி உள்ள, நகராத நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். உட்காரும் உயரம் உங்கள் முழங்கால் உயரத்துக்கு இருக்க வேண்டும். எழுவது கடினமாக இருந்தால் கெட்டியான மெத்தை ஒன்றை மேலே வையுங்கள்.
2. இருக்கையின் முன்பாதியில் உட்கார்ந்து, பாதங்களை இடுப்பகலத்துக்கு வைத்து, முழங்காலுக்குச் சற்றே பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள்.
3. மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து, குதிகாலை ஊன்றி எழுங்கள். முழங்கால்கள் ஒன்றை நோக்கி ஒன்று உள்ளே சரியக் கூடாது.
4. உட்காரும்போது மனதுக்குள் நான்கு எண்ணிக்கொண்டே இறங்குங்கள்.

8 முதல் 10 முறை செய்தால் ஒரு சுற்று. இடையில் ஒரு நிமிட ஓய்வு விட்டு 2 அல்லது 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். இதில் பலரும் கெடுத்துக்கொள்வது நான்காவது படியைத்தான். எழுந்தவுடன் பொத்தென்று விழுந்து உட்கார்ந்தால் பயிற்சியில் பாதி வீண். மெதுவாக இறங்கும் அந்த நான்கு எண்ணிக்கையில்தான் தொடைத் தசை நன்றாக வேலை செய்கிறது.

பயிற்சியின்போது ஓரளவு வலி இருப்பது சகஜம். பத்துக்கு நான்கு என்ற அளவுக்கு மேல் போகாமல், அடுத்த 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி. மறுநாளும் வீக்கமோ கூடுதல் வலியோ இருந்தால் ஒரு சுற்றைக் குறையுங்கள், நிறுத்திவிட வேண்டாம். இதோடு தட்டையான தரையில் நடை, நீச்சல், சைக்கிள் இவற்றில் ஒன்றை வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடம் வரும்படி மெல்லக் கூட்டிக்கொண்டு போகலாம். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்

தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு முழுதானியம், கால் பங்கு புரதம். கொட்டைகள், பருப்பு வகைகள், மீன் தாராளமாக இருக்கலாம். சர்க்கரை போட்ட பானங்கள், பொரித்த தின்பண்டங்கள், பதப்படுத்திய இறைச்சி ஆகியவை அரிதாக இருக்கட்டும். இந்த உணவு முறை மூட்டுக்கும் தோலுக்கும் ஒருசேர நல்லது.

எடை குறைக்கும் அவசரத்தில் புரதத்தைக் குறைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. வயது கூடியவர்கள் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் தினமும் 1 முதல் 1.2 கிராம் புரதம் எடுக்க வேண்டும். 60 கிலோ எடை உள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், வேகவைத்த பருப்பு 100 கிராமில் சுமார் 9 கிராம், மீன் 100 கிராமில் சுமார் 20 கிராம் என்று கணக்குப் போட்டால், பலரும் இந்த அளவைத் தொடுவதில்லை என்பது தெரியும். சிறுநீரக நோய் இருந்தால் இந்தக் கணக்கு மாறும், மருத்துவர் சொல்வதே அளவு.

உடல் கொலாஜனைக் கட்ட வைட்டமின் சி கட்டாயம் வேண்டும். தினமும் 75 முதல் 90 மில்லிகிராம் போதும். ஒரு கொய்யாப்பழமே அதைத் தாண்டிவிடும், ஆரஞ்சு என்றால் இரண்டு. கொலாஜன் பவுடர் 8 முதல் 12 வாரத்தில் தோலின் ஈரப்பதத்தைச் சற்றுக் கூட்டுவதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. அவற்றில் பல, பவுடர் தயாரிப்பாளர்களின் பணத்தில் நடந்தவை. எங்கள் கருத்தில் அந்தச் செலவைப் பழத்துக்கும் பருப்புக்கும் மீனுக்கும் மாற்றுவது மேல்.

தக்காளி, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு மூட்டு வலியைக் கூட்டும் என்ற பேச்சுக்கு நல்ல ஆதாரம் கிடையாது. கோதுமையை விட வேண்டியதும் சீலியாக் நோயோ (கோதுமைப் புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) கோதுமை ஒவ்வாமையோ உள்ளவர்களுக்குத்தான். ஆனாலும் ஓர் உணவு உங்களுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்க்கலாம். அதை மட்டும் 3 வாரம் முழுதாக நிறுத்தி, பிறகு 3 நாள் தொடர்ந்து சாப்பிட்டு, வலியையும் தோலையும் குறித்து வையுங்கள். ஒரே நேரத்தில் ஐந்து உணவுகளை நிறுத்தினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

ஒமேகா 3: புட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முடக்கு வாதத்தில் மீன் எண்ணெய் வலியையும் காலை விறைப்பையும் ஓரளவு குறைக்கிறது. அதற்கு இபிஏ, டிஹெச்ஏ என்ற இரு கொழுப்பமிலங்களும் சேர்ந்து தினமும் 2.7 முதல் 3 கிராம் வேண்டும், அதுவும் குறைந்தது 3 மாதம். இப்போது புட்டியைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் பெரிய எழுத்தில் "1000 மி.கி. மீன் எண்ணெய்" என்றிருக்கும். பின்பக்கம் சிறிய எழுத்தில் இபிஏ 180, டிஹெச்ஏ 120 என்றிருக்கும். வேலைக்கு ஆகும் சத்து 300 மில்லிகிராம் மட்டுமே. அப்படியானால் தேவையான அளவுக்கு ஒன்பது பத்து மாத்திரை ஆகும். தினமும் ஒன்று போட்டுவிட்டு "கேட்கவில்லை" என்பதன் காரணம் இதுதான். செறிவு கூடிய மாத்திரையோ திரவ வடிவமோ எடுத்தால் எண்ணிக்கை குறையும். சாப்பாட்டோடு எடுத்தால் மீன் வாடை ஏப்பமும் குறையும்.

இந்த அளவை மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கும் இது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பொதுவான நலத்துக்கு வாரம் இரண்டு முறை மத்தி, கானாங்கெளுத்தி, சால்மன் போன்ற கொழுப்புள்ள மீன், ஒவ்வொரு முறையும் சுமார் 140 கிராம் போதும். ஆளி விதையிலும் வால்நட்டிலும் இருக்கும் ஒமேகா 3 வேறு வகை. உடல் அதில் சிறு பங்கைத்தான் இபிஏ ஆக மாற்றும். மீன் சாப்பிடாதவர்களுக்குப் பாசியிலிருந்து எடுத்த எண்ணெய் நேரடி வழி. ஆளி விதையை அரைத்துச் சாப்பிட்டால்தான் செரிக்கும். முழுசாக விழுங்கினால் முழுசாகவே வெளியேறும்.

மஞ்சள்: சமையலும் மாத்திரையும் ஒன்றல்ல

மஞ்சளின் முக்கியச் செயல்பொருளான குர்க்குமின், மஞ்சள் தூளில் சராசரியாக 3 சதவீதம்தான். ஒரு தேக்கரண்டியில் 90 முதல் 100 மில்லிகிராம் வரும். முழங்கால் வலி ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுக்கப்பட்டது தினமும் 500 முதல் 1500 மில்லிகிராம் குர்க்குமின், பல வாரங்களுக்கு. சமையலில் போடுவதை அப்படியே தொடருங்கள், ஆனால் அதை மருந்தளவு என்று நம்பியிருக்க வேண்டாம். குர்க்குமின் கொழுப்பில் கரைவது. எண்ணெயும் மிளகும் சேர்ந்தால் உடலில் சேர்வது கூடும்.

மாத்திரை எடுப்பதானால் 8 வாரம் வரை பார்க்கலாம். பித்தப்பைக் கல் உள்ளவர்களும், இரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்களும் தவிர்க்க வேண்டும். உறிஞ்சுதலைக் கூட்டிச் செய்த குர்க்குமின் மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதும் பதிவாகியிருக்கிறது. சிறுநீர் அடர்நிறமானாலோ, கண் மஞ்சளித்தாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

மூட்டு வலிக்கென்று விற்கப்படும் குளுக்கோசமின் மாத்திரை பற்றிப் பலரும் கேட்பார்கள். அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரியின் 2019ஆம் ஆண்டு நெறிமுறை, முழங்கால், இடுப்பு, கை மூட்டுத் தேய்மானத்துக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்லிவிட்டது.

கவுட் மட்டும் தனிக் கணக்கு

இரத்தத்தில் யூரிக் அமிலம் 6 மி.கி./டெ.லி.க்குக் கீழே நீடித்து இருந்தால் மூட்டில் படிந்த படிகங்கள் மெல்லக் கரையும். உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் குறைவது சுமார் 1 மி.கி. தான். 9, 10 என்று இருப்பவர்களுக்கு மருந்து இல்லாமல் முடியாது. அதில் குற்ற உணர்வுக்கு இடமில்லை. இந்த நோயில் பரம்பரைக்கும் சிறுநீரகத்துக்கும் பெரும் பங்கு உண்டு.

நிறுத்த வேண்டியவை பீர் உள்ளிட்ட மது, ஈரல் போன்ற உள்ளுறுப்பு இறைச்சி, சர்க்கரைப் பானங்கள். கடல் உணவையும் சிவப்பு இறைச்சியையும் குறைக்க வேண்டும். மேலே சொன்ன வாராந்தர மீன் அளவைக் கவுட் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யலாம். பருப்பு, காளான், கீரை ஆகியவற்றில் பியூரின் (உடலில் யூரிக் அமிலமாக மாறும் பொருள்) இருந்தாலும் அவை கவுட் வாய்ப்பைக் கூட்டவில்லை என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பயந்து ஒதுக்க வேண்டாம். கொழுப்பு நீக்கிய பால் பொருட்கள் நல்லது. இன்னொன்று: வலி உச்சத்தில் இருக்கும் நாளில் பரிசோதித்தால் யூரிக் அமிலம் சரியாக இருப்பதுபோலக் காட்டலாம். வலி அடங்கி 2 வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள்.

மேல் பூச்சும் ஒத்தடமும்

விறைப்புக்கு வெந்நீர் ஒத்தடம் 15 முதல் 20 நிமிடம். புது வீக்கத்துக்கும் சூட்டுக்கும் பனிக்கட்டி ஒத்தடம் 10 முதல் 15 நிமிடம், எப்போதும் துணியில் சுற்றி. தினமும் ஒரே இடத்தில் அதிகச் சூடு வைத்தால் தோலில் வலை பின்னியதுபோல் பழுப்புத் தழும்பு படரும். அதைப் பார்த்ததும் சூட்டைக் குறைக்க வேண்டும். கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகள் சூட்டு ஒத்தடத்தைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

மிளகாயிலிருந்து எடுத்த கேப்சைசின் களிம்பு, 0.025 அல்லது 0.075 சதவீதம், முழங்காலுக்கு உதவும். பட்டாணி அளவு, நாளைக்கு 3 அல்லது 4 முறை, குறைந்தது 2 முதல் 4 வாரம். முதல் வாரம் எரியும், பிறகு அடங்கும். எரிகிறதே என்று இரண்டு நாளில் நிறுத்துபவர்களுக்கு எரிச்சல் மட்டுமே மிச்சம். பூசியபின் கையைச் சோப்பால் கழுவுங்கள், கண் பக்கம் கொண்டு போகாதீர்கள், அதன் மேல் ஒத்தடம் வைக்காதீர்கள். புண்ணிலும் சொரியாசிஸ் திட்டிலும் பூசக் கூடாது.

பச்சைப் பூண்டை அரைத்து மூட்டில் கட்டினால் சில மணி நேரத்தில் தோல் வெந்து கொப்புளிக்கும். எலுமிச்சைச் சாற்றைப் பூசி வெயிலில் போனாலும் கருத்துக் கொப்புளிக்கும். சமையல் சோடா காரத்தன்மை உள்ளது, தோலோ இயல்பில் இலேசான அமிலத்தன்மை கொண்டது. தேய்க்கத் தேய்க்கத் தோலின் காப்பு அடுக்குதான் கலையும்.

தோல்: குளித்த முதல் மூன்று நிமிடம்

வறண்ட, அரிக்கும் தோலுக்கு நேரம்தான் முக்கியம். வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடத்துக்குள் குளித்து முடியுங்கள். சோப்பை அக்குள், கவட்டை, பாதத்தோடு நிறுத்துங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோல் சற்றே ஈரமாக இருக்கும்போதே, 3 நிமிடத்துக்குள், மாய்ஸ்சரைசர் பூசுங்கள். முடி வளரும் திசையில் தடவினால் முடிக்கால்கள் அடைத்துக் கொப்புளம் வருவது குறையும். பெரியவர் ஒருவரின் உடல் முழுதுக்கும் ஒரு தடவைக்கு 25 முதல் 30 கிராம் ஆகும். ஒரு சிறு டியூபை மாதக் கணக்கில் வைத்திருப்பவர் போதுமான அளவு பூசவில்லை என்று பொருள்.

லோஷனைவிடக் கிரீமும், கிரீமைவிடப் பெட்ரோலியம் ஜெல்லி போன்ற களிம்பும் ஈரத்தை நன்றாகப் பிடித்து வைக்கும். முகத்தில் பரு வருபவர்கள் தேங்காய் எண்ணெயை உடலோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆலிவ் எண்ணெய் சமையலுக்கு அருமை, ஆனால் தோலின் காப்பு அடுக்கைப் பலவீனமாக்குவதால் வறண்ட தோலில் பூச ஏற்றதல்ல. சூரியகாந்தி எண்ணெய் அதைவிட மேல். குதிகால் வெடிப்புக்கு யூரியா கலந்த கிரீம் நல்லது, ஆழமான பிளவில் பட்டால் எரியும். களிம்பு ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும், அடுப்பருகே கவனம் வேண்டும். விரல் மூட்டு வலி உள்ளவர்கள் திருகு மூடி உள்ள டப்பாவை வாங்காமல் அழுத்தும் பம்ப் உள்ளதாக வாங்குங்கள். மூடி திறக்க முடியாததாலேயே பூசுவதை விட்டவர்கள் பலர்.

அரிப்புக்கு ஓட்ஸ் குளியல் நல்ல பலன் தரும். ஒரு கப் ஓட்ஸை மாவாக அரையுங்கள். ஒரு மேசைக்கரண்டி மாவை ஒரு தம்ளர் தண்ணீரில் கலக்கினால் பால்போல் வெளுத்து அப்படியே நிற்க வேண்டும். அடியில் தங்கினால் இன்னும் அரைக்க வேண்டும். வாளிக்கு 3 மேசைக்கரண்டி, தொட்டிக்கு ஒரு கப் என்று வெதுவெதுப்பான நீரில் கலந்து, 10 முதல் 15 நிமிடம் தோலில் படவிட்டு நீரால் அலசுங்கள். தரை வழுக்கும். மூட்டு வலி உள்ளவர்கள் ரப்பர் விரிப்பு போட்டு, உட்கார்ந்தே குளிக்க வேண்டும்.

புதிதாக எதைப் பூசினாலும் முன்கையின் உட்புறத்தில் காசளவு இடத்தில் நாளைக்கு இருமுறை, 7 நாள் பூசிப் பாருங்கள். பகலில் வெளியே போனால் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்க்ரீன், முகம் கழுத்துக்குச் சேர்த்து இரண்டு விரல் நீளம், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. லூபஸ் (நோய் எதிர்ப்புச் சக்தியே உடலின் பல பாகங்களைத் தாக்கும் நோய்) உள்ளவர்களுக்கு வெயில் மூட்டையும் சேர்த்துக் கிளறும். முடக்கு வாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை எடுப்பவர்களின் தோலும் வெயிலுக்குக் கூடுதலாகச் சிவக்கலாம்.

பரு உள்ளவர்கள் சர்க்கரை, மைதா, பாலிலிருந்து எடுக்கும் வே (whey) புரதப் பவுடர் ஆகியவற்றைக் குறைத்து 12 வாரம் பார்க்கலாம். தோலுக்கும் முடிக்கும் என்று பயோட்டின் மாத்திரை போடுபவர்கள் இரத்தப் பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். தைராய்டு, மாரடைப்புப் பரிசோதனை முடிவுகளை அது பிழையாக்கும்.

சொரியாசிஸ் இருந்தால்

எடை குறைப்பு இங்கே இரட்டைப் பலன் தரும். திட்டுகளும் தணியும், மருந்தும் நன்றாக வேலை செய்யும். மதுவை விடுவது மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்களின் கல்லீரலுக்கு அவசியம். அந்த மாத்திரை மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறைதான், தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. செதில்களைப் பிய்த்தால் காயம் பட்ட இடத்தில் புதுத் திட்டு கிளம்பும். களிம்பு பூசி ஊறவிட்டு, தானாக உதிரவிடுங்கள்.

உட்பொருள் பட்டியல் இல்லாத பொடியோ கிரீமோ இரண்டே நாளில் வலியையும் திட்டையும் மாயமாக்கினால் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டும் கன உலோகங்களும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. மாதக் கணக்கில் எடுத்திருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. அந்தப் பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள்.

பன்னிரண்டு வாரம், ஒரு நோட்டு

தினமும் இரவு மூன்றே எண்கள் எழுதுங்கள்: பத்துக்கு எவ்வளவு வலி, காலை விறைப்பு எத்தனை நிமிடம், அரிப்பு பத்துக்கு எவ்வளவு. வாரம் ஒருமுறை எடையும், ஒரே வெளிச்சத்தில் எடுத்த தோலின் படமும். முதல் இரண்டு வாரம் குளியல், மாய்ஸ்சரைசர், நாற்காலிப் பயிற்சி. மூன்றாவது வாரத்தில் தட்டு மாற்றம். ஐந்தாவது வாரம் தொடங்கி, தேவைப்பட்டால் ஒமேகா 3 அல்லது குர்க்குமின், இரண்டில் ஒன்று மட்டும். அதற்கான காலம், ஒமேகா 3 என்றால் 3 மாதம், குர்க்குமின் என்றால் 8 வாரம், தொடங்கிய நாளிலிருந்து தனியாக எண்ண வேண்டும். தோலின் மேலடுக்கு புதிதாகச் சுமார் ஒரு மாதம் ஆகும், வயதானவர்களுக்கு இன்னும் கூடும். ஆகவே ஆறாவது வாரத்துக்கு முன் தோலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். மாத்திரைக்கான காலம் முடிந்ததும் அதை 2 வாரம் நிறுத்திப் பாருங்கள். எண்கள் ஏறினால் அது உங்களுக்கு வேலை செய்கிறது, தொடரலாம். எண்கள் அப்படியே இருந்தால் புட்டியை மறுபடி வாங்க வேண்டியதில்லை.